கூடுதலாக ஒரு பித்தளைக் கால்

கிடங்கில் அவரைக் 'குலுக்கல்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் பின்னால் ஒரு 'அண்ணே' சேர்ப்பார்கள். அவருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். ஊர்ப்பட்ட சாமான்களைப் பெட்டியில் அடைத்து வீடு வீடாக அனுப்புகிற இடம் அது. மற்றவர்கள் பெட்டியை மூடினோமா, டேப்பை இழுத்தோமா, பெல்ட்டில் தள்ளினோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் மட்டும் மூடிய பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே லேசாக ஏதாவது தட்டுப்பட்டால் போச்சு. டேப்பைக் கிழித்துத் திறந்து, மூலையில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, மறுபடி மூடி, மறுபடி குலுக்குவார். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் குலுக்கலின் மேசையிலிருந்து போன எதுவும் உடைந்து திரும்பி வந்ததில்லை என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

வேலையில் இருந்த இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆடுகிற எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேசைக் காலுக்குக் கீழே மடித்த அட்டை, ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் துணி, அலமாரிக் கதவில் ரப்பர். வீட்டுக்கு வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அசைந்தால்கூட அவர் கண் நாற்காலியின் காலுக்குப் போகும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்கிற மனிதருக்கு இதெல்லாம் தேவைதானா? களைப்பிலும் கை தானாகப் போய்விடும்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு வருவாள். நோயாளிகள் டாக்டரிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் இவளிடம் காட்டுவார்கள். வாங்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் அவள் முகம் கொஞ்சம் தெளியும்.

கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள்? சுடுகிறாள். ஐந்து பேர் ஒரு அணி, எதிரே ஐந்து பேர். மலை, கட்டடம், சுரங்கம் என்று ஓடி ஒளிந்து சுட வேண்டும். மகள் கல்யாணமாகிப் போன புதிதில், பேச ஒரு சாக்கு வேண்டுமே என்று அவளோடு சேர்ந்து ஆடக் கற்றுக்கொண்டது. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மகள் விட்டுவிட்டாள், அம்மா விடவில்லை. இப்போது முகம் தெரியாத நான்கு இளவட்டங்களோடு ஒரு அணியில் இருக்கிறாள். அவர்கள் அவளைப் பெரியம்மா என்கிறார்கள். பொறுமையாக ஒரு மூலையில் பதுங்கிக் காத்திருந்து சுடுவதில் பெரியம்மாவை மிஞ்ச ஆளில்லையாம். டோக்கன் ஜன்னலில் கற்ற பொறுமையாக இருக்கும் என்று குலுக்கல் நினைத்துக்கொள்வார். "இந்த வயசுல உனக்கு எதுக்கு துப்பாக்கி?" என்று கிண்டலும் செய்வார். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து அணைந்தது. மகள் விட்டுப்போன பெட்டி, அதற்கும் வயதாகியிருந்தது. "நீ என்ன பண்ணின?" என்றுதான் குலுக்கல் முதலில் கேட்டார். வீட்டில் எது நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அது. அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, இன்னொரு நாள் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"போன ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நான் போகல. இந்த ஞாயித்துக்கிழமை போட்டி ஆரம்பிக்குது. அன்னைக்கும் வரலன்னா என் இடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. தப்பு சொல்ல முடியாது, அவங்களும் எத்தனை நாள் பார்ப்பாங்க."

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அந்தக் குரலில் இருந்த அலுப்பு மட்டும் அவரைச் சுருக்கென்று தைத்தது. அவளை எதிர்பார்த்து யாரோ காத்திருக்கிற ஒரே இடம் அது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாக ஒன்று கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். கட்டுகிற வேலைதானே தன் வேலை என்றும் வாயை விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சாமான்கள் எல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடந்தன. குலுக்கலுக்குப் பெட்டிகளைத் திறக்கவே அரை மனசு. கிராபிக்ஸ் கார்டு வந்த பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "நல்லாக் கட்டியிருக்கான்" என்று முகம் தெரியாத அந்தத் தொழிலாளிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். மகள் வீடியோவில் வந்தாள். மடியில் குழந்தை. குழந்தை கைபேசியை நக்க நக்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மதர்போர்டில் பிராசசரை மனைவி வைத்தாள். மெமரியையும் அவளே அழுத்திப் பொருத்தினாள். அது உட்கார்ந்தபோது எழுந்த சத்தத்தில் அவளே ஒரு துள்ளு துள்ளினாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த டிஸ்க்கும் ஏறியது. அடுத்தது அந்தப் போர்டைக் கேபினெட் என்கிற தகரக் கூட்டுக்குள் இறக்க வேண்டும். கேபினெட்டின் தகட்டில் நேராகப் போர்டை வைக்கக் கூடாது. சின்னச் சின்னப் பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின் மேல் போர்டை உட்கார வைத்து, மேலே ஸ்க்ரூ போட வேண்டும்.

"போர்டுல எங்க ஓட்டை இருக்கோ அங்க மட்டும் கால் வைங்கப்பா" என்றாள் மகள். "தகட்டுல நிறைய ஓட்டை இருக்கும், வேற வேற அளவு போர்டுக்காக. அதையெல்லாம் கண்டுக்காதீங்க."

"எனக்குத் தெரியாதா கண்ணு" என்றார். அப்படியே வைத்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் குழந்தை வீறிட்டது, மகள் போனை வைத்தாள். மழை தூறியது, மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினாள். கூடத்தில் குலுக்கலும் கேபினெட்டும் தனியாக இருந்தார்கள்.

அவர் விரல் சும்மா இருக்கவில்லை. போர்டின் ஒரு ஓரத்தை அழுத்திப் பார்த்தது. அங்கே கால் இல்லை. போர்டு மெல்ல வளைந்து கொடுத்து, விட்டதும் மேலே வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பெரிய கேபிளை அந்த ஓரத்தில்தான் குத்தப் போகிறோம். இப்படி ஆடினால் என்ன ஆவது? ஸ்க்ரூ பையில் மிச்சமாக ஒரு பித்தளைக் கால் உருண்டுகொண்டிருந்தது. போர்டின் அந்த ஓரத்துக்கு நேர் கீழே தகட்டில் ஓர் ஓட்டையும் இருந்தது. போர்டைக் கழற்றினார், காலைத் திருகினார், போர்டைத் திரும்ப வைத்தார். அழுத்தினார். கல் மாதிரி நின்றது. அன்றைக்கு முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்ததால், ஈரத் துணியோடு வந்த மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மீதிக் கேபிள்களையும் மாட்டி முடித்ததும் மனைவிதான் சுவிட்சை அழுத்தினாள். உள்ளே இருந்த காற்றாடிகள் அரைச் சுற்று சுற்றி நின்றன. மறுபடி அழுத்தினாள். இந்த முறை அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தாலே இடுப்பு வலிக்கும். மகள் போனில் சொல்லச் சொல்ல இருவரும் தரையில் மண்டியிட்டுக் கிடந்தார்கள். பின்னால் இருக்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கா? இருக்கு. பிராசசருக்குத் தனியா ஒரு கேபிள் மேல போகுமே, அது? போயிருக்கு. மெமரியில ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை மட்டும் வைங்க. வைத்தார்கள். இடத்தை மாத்துங்க. மாற்றினார்கள். கிராபிக்ஸ் கார்டை எடுத்துருங்க. எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சுவிட்சை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கேபினெட் தன் பாட்டுக்குச் செத்த மாதிரி கிடக்கும். திட்டினால் திருப்பித் திட்டவாவது செய்கிற பொருளா அது?

ஒரு கட்டத்தில் மனைவி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"மெமரியை அழுத்தினப்ப ரொம்ப அழுத்திட்டேனோ?"

குலுக்கல் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குக் களைப்பு, பசி, இடுப்பு வலி எல்லாம் சேர்ந்திருந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "விடு. பழகாத கை. தெரிஞ்சா செஞ்ச?"

அவள் தன் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் அவள் கைபேசிக்கு அணித் தலைவன் தன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தான். உடைந்த குரல், பையனுக்கு இப்போதுதான் மீசை முளைக்கிறது போல. "பெரியம்மா, சாயங்காலம் வந்துருவீங்கல்ல? முடியலன்னா முன்னாடியே சொல்லிருங்க பெரியம்மா. வேற ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கோம், ஆனா நீங்க வந்தாத்தான் நல்லாருக்கும்." அவள் அதைக் கேட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வரலன்னு சொல்லிரட்டுமா?"

"கொஞ்சம் இரு" என்றார் குலுக்கல். அவருக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் அவர் வாயால் போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை.

மகள் கடைசியாக ஒரு வழி சொன்னாள். போர்டை மொத்தமாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, அங்கேயே கேபிளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அட்டைப் பெட்டி என்றதும் குலுக்கலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எடுத்து வைத்தார்கள். சுவிட்சுக்குப் பதிலாக, மகள் காட்டிய இரண்டு ஊசிகளை அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒருசேரத் தொட்டார்.

காற்றாடி சுற்றியது. நிற்காமல் சுற்றியது. போர்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓடுதுங்க! ஓடுது!" என்று அவர் தோளைப் பிடித்து ஆட்டினாள். அவரை ஆட்டினால் மட்டும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"நீ தொடாத. நானே மாட்டுறேன்" என்றார். அவள் கேபிளை மட்டும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். போர்டைக் கேபினெட்டுக்குள் இறக்கி, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கி, அந்த ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்து, ஆடவில்லை என்று திருப்தியாகி, சுவிட்சைத் தட்டினார்.

செத்துக் கிடந்தது.

அவள் பிடித்திருந்த கேபிளை மெதுவாக விட்டாள். "நான் கேபிளைப் புடிச்சேன்ல, அதான்" என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் கோபம்கூட இல்லை. உள்ளறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குலுக்கல் மகளைக் கூப்பிட்டார். "வெளிய வச்சா ஓடுது கண்ணு, உள்ள வச்சா நின்னுருது."

மகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா போர்டு நல்லாத்தான் இருக்குப்பா. அம்மா எதையும் கெடுக்கல. அடியில ஏதோ இடிக்குது. போர்டுல ஓட்டை இல்லாத இடத்துல பித்தளைக் கால் ஏதாவது இருக்கான்னு பாருங்க. அது அடிப்பக்கத்துல பட்டா கரண்டு போக வேண்டிய பாதையை விட்டுட்டுத் தகட்டுக்குப் போயிரும். உடனே பவர் சப்ளை தன்னால நிறுத்திரும்."

குலுக்கலின் கண் கேபினெட்டின் அந்த ஓரத்துக்குப் போனது.

"அப்பா? இருக்கீங்களா?"

"பார்க்குறேன் கண்ணு" என்று போனை வைத்தார்.

பார்க்க என்ன இருக்கிறது? போர்டைக் கழற்றினார். ஓரத்தில் அந்தக் கால் மட்டும் யாரும் கேட்காமல் வந்து நின்ற காவலாளி போல நின்றது. அதன் நுனி பட்ட இடத்தில் போர்டின் அடியில் ஒரு சின்னக் கீறல். காலைத் திருகி எடுத்தார். போர்டை வைத்தார். அந்த ஓரம் விரலுக்குக் கீழே மறுபடி வளைந்தது. வளையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். சுவிட்சைத் தட்டினார். காற்றாடிகள் சுற்றின. திரையில் வெளிச்சம் வந்தது.

அந்தக் காலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவளைக் கூப்பிட்டார். மனிதர் பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். "என்ன பண்ணினீங்க?"

"திரும்பக் கழட்டி மாட்டினேன்."

"உங்க கை பட்டாத்தான் எதுவும் சரியாகுது" என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள். அதைக் கேட்டபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மீதிக் கேபிள்களை மாட்டி, கிராபிக்ஸ் கார்டைச் செருகி, அவள் ஆட்டத்துக்குள் நுழைந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் பிள்ளைகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "டேய், பெரியம்மா வந்துட்டாங்கடா!" "எங்க போனீங்க பெரியம்மா?" "அந்த ஆளை வேணாம்னு சொல்லிருடா, சீக்கிரம் சொல்லு!" ஒருவன் விசிலே அடித்தான். இத்தனை வருஷத்தில் தான் கிடங்குக்குள் நுழைந்ததற்காக யாரும் இப்படிக் கத்தியதில்லை என்று குலுக்கல் நினைத்தார். அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, எல்லாவற்றையும் விட வெட்கமாக இருந்தது. இந்தக் கூச்சலைத்தான் அவளிடமிருந்து பறிக்கப் பார்த்தோம். அந்தப் பழியையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டோம்.

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். இனி அவளுக்குக் காது கேட்காது. அந்தத் தைரியத்தில் அவர் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் கெடுத்தேன். நீ இல்ல. தேவையில்லாம ஒரு காலை நான்தான் வச்சேன்."

சொல்லி முடித்ததும் கொஞ்சம் லேசானது. கூடத்துக் கட்டிலில் உட்காரப் போனார். அப்போது அவள் ஒரு பக்கக் காதை மட்டும் விலக்கிவிட்டு, நாற்காலியோடு திரும்பினாள். வாயருகே மைக் நீட்டிக்கொண்டிருந்தது. குலுக்கல் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

"என்னங்க, பசங்க என்னமோ சொல்றாங்க. பின்னாடி யாரோ, நான்தான் கெடுத்தேன்னு சொன்னாங்களாமே?"

அவர் திருதிருவென்று விழித்தார். பையில் கை விட்டு அந்தப் பித்தளைக் காலை எடுத்து நீட்டினார். துணி எடுக்க அவள் மாடிக்குப் போனது, போர்டு வளைந்தது, தன் கை சும்மா இருக்காதது, எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவள் அந்தக் காலைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் இல்லையா?"

"இல்ல."

"மெமரியை அழுத்தினது?"

"அது சரியாத்தான் இருந்துச்சு."

"கேபிளைப் புடிச்சது?"

"அதுவும் ஒண்ணும் பண்ணல."

அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. நேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு அலைந்த எதையோ கீழே வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தாள். பதுங்கிக் காத்திருந்து சுடுகிற பெரியம்மாவை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அப்போ போன வருஷம் நின்னுச்சே, வாஷிங் மெஷின்?"

ஆடுகிறது என்று அதன் அடியில் ஒரு பலகையை ஓங்கி அடித்துச் செருகியது அவர்தான். மறுவாரம் அது நின்றபோது "நீ என்ன பண்ணின?" என்று கேட்டதும் அவர்தான். புதிது வாங்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாத் துணியையும் கையாலேயே துவைத்தாள். குலுக்கல் தரையைப் பார்த்தார்.

"அதுவும் நானாத்தான் இருக்கும்."

ஹெட்செட்டுக்குள்ளிருந்து பெரியம்மா பெரியம்மா என்று பிள்ளைகள் அவசரப்படுத்துவது வெளியே கேட்டது. அவள் பித்தளைக் காலை விசைப்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். காதை மூடிக்கொள்வதற்கு முன்னால் சொன்னாள்.

"ஆட்டம் ஆரம்பிக்குது. முடிச்சிட்டு வரேன். கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டுல என்னென்ன நின்னு போச்சோ, ஒவ்வொண்ணா யோசிச்சு வைங்க."

குலுக்கல் கட்டிலில் உட்கார்ந்தார். இடுப்பு விண்ணென்று வலித்தது. முதலில் எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.